எல்லைக்கோட்டில் நிற்கும் நடுகற்களுக்கு ஒரே பதிவேடு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடுகல், அதாவது சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட நினைவுக்கல், கிடைத்த செய்தி உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகிறது. கல்லுக்குப் பக்கத்தில் நாலு பேர் நிற்கும் படம், எழுத்துகளுக்கு மாவு பூசிய இன்னொரு படம், இன்ன நூற்றாண்டைச் சேர்ந்தது என்று ஒரு வரி. அத்தோடு அந்தக் கல்லைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. அது எந்தப் பதிவேட்டில் ஏறியது, யார் பொறுப்பில் இருக்கிறது, இரண்டு மழைக்காலம் கழித்தும் அதே இடத்தில் நிற்கிறதா என்பது பிறகு தெரிவதே இல்லை. மாநில எல்லையை ஒட்டிய ஊர்களில் இந்தக் குறை இன்னும் பெரிது. ஓசூருக்கும் ஆனேக்கலுக்கும் நடுவிலோ, வேப்பனப்பள்ளிக்கும் குப்பத்துக்கும் நடுவிலோ ஒரு கல் நின்றால், எந்த மாநிலத்துப் பட்டியலைப் புரட்டிப் பார்ப்பது என்பதிலேயே தடுமாற்றம் தொடங்கிவிடும். தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் சேர்ந்து எல்லை வட்டங்களின் நடுகற்களுக்கு ஒரே பதிவேடு வைக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

நடுகல் பிறந்ததே எல்லைச் சண்டையில். ஆநிரை ஊருக்கு நடுவே மேயாது. இரண்டு நாட்டுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலம், கரடு, காட்டோரம், இவைதான் மேய்ச்சல் இடம். பகைவர் தொறு கொண்டதும் அங்கே. மீட்கப் போனவன் மடிந்ததும் அங்கே. தொறு என்றால் மாட்டு மந்தை. தமிழ்க் கல் "தொறு மீட்டு" என்பதைக் கன்னடக் கல் "துறுவம் மகுர்ச்சி" என்கிறது. ஊரை அழிக்க வந்தவர்களோடு நடந்த சண்டைக்குக் கன்னடக் கல்வெட்டுகளில் உள்ள சொல் "ஊரழிவு". தமிழ் தெரிந்தவருக்கு அதற்கு யாரும் பொருள் சொல்ல வேண்டியதில்லை. பல்லவர், மேலைக் கங்கர், வாணர், நுளம்பர், தகடூரை (இன்றைய தருமபுரியை) ஆண்டவர்கள், பின்னாளில் சோழர், இராட்டிரகூடர், ஒய்சளர் என்று ஒருவரை ஒருவர் நெருக்கித் தள்ளிய இடைநிலம் இது. நடுகற்கள் அடர்ந்து நிற்கும் இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனால் பழைய நாடுகளின் விளிம்பு கண்ணுக்குத் தெரியும். 1792இல் பாரமகாலும் (கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்) 1799இல் ஓசூர்ப் பகுதியும் மைசூரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்ச் சேலம் மாவட்டத்தில் சேர்ந்தன. அன்று மைசூருக்கும் சேலத்துக்கும் இடையே விழுந்த கோடுதான் 1956 நவம்பர் 1க்குப் பிறகும் ஏறத்தாழ மாநில எல்லையாக இருக்கிறது. கல் நட்டவர்கள் அறியாத அந்தக் கோட்டை வைத்துத்தான் இன்று கற்களைப் பிரித்து எண்ணுகிறோம்.

இவற்றின் பரவலைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். செங்கம், தண்டராம்பட்டு, அரூர், ஊத்தங்கரை வட்டாரங்களில் வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறையில் பொறித்த பழைய தமிழ் நடுகற்கள் அதிகம். பெரும்பாலும் ஒரே வீரன். ஒரு கையில் வில், மறு கையில் வாளோ குறுவாளோ. உடம்பில் தைத்த அம்புகள். அருகே கெண்டியும் சிமிழும். தலைக்கு மேலே எழுத்து. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்தில் செங்கம் வட்டாரத்தில் தேடியபோதுதான் இவை எவ்வளவு என்பது வெளியே தெரிந்தது. வடமேற்கே கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை என்று போகப் போகக் கல்லின் முகம் மாறும். மூன்று அடுக்குக் கற்கள் வரும்: கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் வீரனை ஏந்திச் செல்லும் காட்சி, மேலே லிங்கத்தின் முன் அவன். எழுத்து கன்னடமாகவோ தெலுங்காகவோ இருக்கும்; பல கற்களில் எழுத்தே இருக்காது. தூணிலிருந்து நீளும் வளையல் கையோடு, கணவனோடு தீப்பாய்ந்த பெண்ணுக்கு எடுத்த மாஸ்திக்கல்லும் அருகில் நிற்கும்.

எல்லை தாண்டிக் கோலார்ப் பக்கம் போனால் தமிழ் எழுத்து மறுபடியும் வந்துவிடுகிறது. சோழர் நிகரிலிசோழ மண்டலம் என்று பெயரிட்ட பகுதி அது. கல்வெட்டு ஆய்வாளர் லூயிஸ் ரைஸ் 1905இல் வெளியிட்ட கோலார் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் 1,347 கல்வெட்டுகள் உள்ளன. கன்னடம் 714, தமிழ் 422, தெலுங்கு 211. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாகத் தமிழ். தருமபுரிக்கு வந்தாலோ நுளம்ப மகேந்திரன் காலத்துக் கன்னடக் கல்வெட்டு நம் பக்கத்தில் இருக்கிறது. எந்த மொழியை எந்த மாநிலம் பார்த்துக்கொள்வது என்று பிரிக்கப் போனால் இந்த நிலம் அதற்கு இடம் கொடுக்காது.

பட்டியல் பிரிந்து கிடப்பதால் என்ன போகிறது என்பதற்கு இரண்டு நாய்களைச் சொல்லலாம். தண்டராம்பட்டு வட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல் உண்டு. எருமை மந்தையைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தியின் கல் அது. அவனோடு நின்ற நாயின் பெயர் கோவிவன்; இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லே சொல்கிறது, நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. மாண்டியா மாவட்டத்து ஆதகூர்க் கல் 949–950ஐச் சேர்ந்தது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டதைக் குறிப்பிடும் அந்தக் கன்னடக் கல்வெட்டு, காட்டுப்பன்றியோடு மோதி அதையும் கொன்று தானும் இறந்த காளி என்ற நாய்க்கு எடுத்த கல். இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பேசப்படும் தக்கோலம் இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. நாய்க்கும் பெயர் பொறித்து மரியாதை செய்த ஒரே பண்பாட்டின் இரு கற்கள் இவை. ஒரு மாநிலப் பட்டியலை மட்டும் படிப்பவர் கண்ணில் இந்த உறவு படாது.

படிப்பிலும் பிழை வரும். மகேந்திரன் என்று பெயர் கண்டவுடன் தமிழ்ப் பக்கத்தில் பழகியவர் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவனை நினைப்பார். கன்னடப் பக்கத்தில் பழகியவர் 9ஆம் நூற்றாண்டு நுளம்பனை நினைப்பார். எழுத்தின் வடிவத்தையும் பக்கத்து ஊர்க் கற்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் தீரும். அந்தப் பக்கத்து ஊர் அடுத்த மாநிலத்தில் இருந்தால் அதன் கல்வெட்டு நகலும் கையில் இருக்காது. ஊர்ப்பெயர் இன்னொரு தொல்லை. கன்னடத்து "ஹள்ளி" தருமபுரிப் பக்கம் "அள்ளி" ஆகும், வேறிடத்தில் "பள்ளி" ஆகும். ஆங்கிலப் பதிவில் வேறு எழுத்துக்கூட்டல். மாரண்டஅள்ளி என்று தேடினால் மாரண்டஹள்ளி என்று ஏறிய பதிவு கிடைக்காது. ஒரே கல் இரண்டு பெயரில் இரண்டு முறை பதிவாவதும், இரண்டு கல் ஒன்றென்று எண்ணி ஒன்று விடுபடுவதும் இதனால்தான்.

சட்டம் எதுவரை வரும் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டின் 1966ஆம் ஆண்டுச் சட்டம், கர்நாடகத்தின் 1961ஆம் ஆண்டுச் சட்டம், ஆந்திரத்தின் 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஆகிய எல்லாமே பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவிக்கப்பட்டவற்றுக்கே முழு வலிமையோடு பொருந்தும். 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும் என்று 2010இல் வந்த விதி மத்திய அரசின் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும். வயல் வரப்பில் தனியாக நிற்கும் நடுகல்லுக்கு அந்த வேலி கிடையாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடைத்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மண்ணுக்கு மேலே நிற்கும் கல் அந்தச் சொல்லுக்குள் அடங்காது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த சிற்பத்தைத் தனியார் வெளியே அனுப்புவதைத் தடுக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஏற்றுமதி என்றால் இந்தியாவை விட்டு வெளியே போவது. ஓசூரில் பெயர்த்த கல்லை வண்டியில் ஏற்றி ஒரு மணி நேரத்தில் பெங்களூரில் ஒரு பண்ணை வீட்டுத் தோட்டத்தில் இறக்கினால் அது ஏற்றுமதி ஆகாது. திருட்டு வழக்குத்தான் போட முடியும். அதற்கு அந்தக் கல் அங்கே இருந்தது என்பதற்கு ஆவணம் வேண்டும். பதிவேட்டில் இல்லாத கல்லுக்கு எதைக் காட்டுவது?

ஆகவே பதிவேடுதான் முதல் வேலை. பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. எல்லையின் இரு பக்கத்து வட்டங்களை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளலாம்: இந்தப் பக்கம் ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி, கிருஷ்ணகிரி, பர்கூர், வாணியம்பாடி, அந்தப் பக்கம் ஆனேக்கல், மாலூர், பங்காரப்பேட்டை, முல்பாகல், குப்பம், பலமநேர். மூன்று மாநிலத் தொல்லியல் துறைகளும் ஒரே படிவத்தில் எழுத வேண்டும் என்பதே முக்கியம். ஊர்ப்பெயரை மூன்று மொழியிலும் எழுதி, அதனோடு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த வருவாய்க் கிராமத்துக்கு உள்ள ஆறு இலக்க எண்ணையும் சேர்த்தால் பெயர்க் குழப்பம் அன்றோடு தீரும். அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமத்தில் ஐந்து இடம் வரை எழுத வேண்டும்; ஐந்தாவது இடம் ஏறக்குறைய ஒரு மீட்டர். கைப்பேசி திறந்த வெளியிலேயே மூன்று நான்கு மீட்டர் தவறும். மரத்தடியில் இன்னும் தவறும். அதனால் அசையாத இரண்டு அடையாளங்களிலிருந்து நாடா பிடித்து அளந்த தூரமும் வேண்டும்: ஏரி மதகு, பாறை, கிணற்றுச் சுற்றுச்சுவர் போன்றவை. மின்கம்பத்தை அடையாளம் வைக்கக் கூடாது. அது இடம் மாறும். புல எண், கல் பார்க்கும் திசை, தரைக்கு மேல் உயரம், அகலம், தடிமன், பின்பக்கம் எழுத்து உண்டா, வழிபாடு உண்டா, அந்த ஊரார் அதற்குச் சொல்லும் பெயர், இவ்வளவு போதும். தரைக்குக் கீழே எவ்வளவு இருக்கிறது என்று தோண்டிப் பார்ப்பது கூடவே கூடாது. நட்ட குழியின் மண்ணடுக்கு ஒரு முறை கலைந்தால் பிறகு அதிலிருந்து எதையும் அறிய முடியாது, கல்லும் சாய்ந்துவிடும்.

ஊரார் சொல்லும் பெயரை விட்டுவிடக் கூடாது என்பதில் எங்களுக்கு அழுத்தமான கருத்து உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கங்களில் பல ஊர்களில் நடுகல்லை வேடியப்பன் என்ற சாமியாகக் கும்பிடுகிறார்கள். ஆவணத்தில் "நடுகல், 8ஆம் நூற்றாண்டு" என்று மட்டும் இருந்தால், சாலை அகலப்படுத்த வரும் பொறியாளர் ஊரில் விசாரித்தால், அப்படி ஒன்றும் இல்லை, வேடியப்பன் கோயில்தான் இருக்கிறது என்பார்கள். இரண்டு பெயரும் ஒரே கல் என்பது அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும்.

அடுத்து வருவாய் ஆவணம். தொல்லியல் துறையின் பட்டியல் சென்னையிலோ மைசூரிலோ இருக்கும்; நிலத்தை அளப்பவர் அதைப் பார்த்துவிட்டு வருவதில்லை. அவர் கையில் இருப்பது கிராமக் கணக்கு. எனவே தமிழ்நாட்டில் "அ" பதிவேட்டின் குறிப்புக் கலத்திலும் புலப்படத்திலும், கர்நாடகத்தில் பஹணியிலும், ஆந்திரத்தில் அடங்கலிலும் "இப்புலத்தில் நடுகல் உள்ளது" என்று ஒரு வரி ஏற வேண்டும். ஊராட்சி மன்றத் தீர்மானத்தோடு கிராம நிர்வாக அலுவலர் வழியாக வட்டாட்சியருக்கு மனு கொடுத்து, அதன் நகலை மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை ஊராட்சிக் கோப்பில் வைக்க வேண்டும். பட்டா நிலமாக இருந்தால் உரிமையாளரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். நிலம் பறிபோய்விடும் என்ற அச்சத்தில் கல்லை இரவோடிரவாகக் கிணற்றில் தள்ளுவது அப்படிப் பேசாத இடங்களில்தான். அந்த வரி ஏறுவதால் நிலம் கைமாறாது என்பதை அவருக்குப் புரியும்படி சொன்னால், அவரே காவல்காரர் ஆகிவிடுவார்.

படம் எடுப்பதில் நடக்கும் பிழைகள் ஏராளம். மாவு பூசுவதை அறவே நிறுத்த வேண்டும். அரிசி மாவு எறும்பையும் பூஞ்சையையும் கூட்டி வரும். சுண்ணக்கட்டித் தூள் எழுத்துக் குழியில் அடைந்துகொள்ளும். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு: மாவைத் தடவுகிறவர் தமக்கு எது எழுத்தாகத் தெரிகிறதோ அதன்மேல்தான் தடவுகிறார். தேய்ந்துபோன ஒரு கோடு விடுபட்டால் "ப" வேறு எழுத்தாகிவிடும். பிறகு படத்தைப் பார்த்துப் படிக்கிற எல்லாரும் அந்தப் பிழையையே படிப்பார்கள். ஒளி பக்கவாட்டில் விழுந்தால் மாவு எதற்கு? கிழக்கு பார்த்த கல்லுக்குக் காலை வெயில் நேரே முகத்தில் அடிக்கும். எழுத்து தட்டையாகத் தெரியும். உச்சிப்பொழுதை ஒட்டி வெயில் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு இறங்கும்போது எடுத்தால் ஒவ்வொரு கீறலுக்கும் நிழல் விழும். இன்னும் நல்ல வழி, இருட்டிய பிறகு ஒரு கைவிளக்கைக் கல்லின் முகத்துக்குப் பத்துப் பதினைந்து பாகைச் சாய்வில் பிடித்து, இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம் எடுப்பது. கேமரா அசையக் கூடாது. ஃபிளாஷ் போடக் கூடாது. முப்பரிமாண உரு வேண்டுமானால் கைப்பேசியே போதும்: பகலில், மேகமூட்டமான நேரத்தில், ஒரே தூரத்தில் சுற்றி நடந்து 60 முதல் 80 படங்கள், ஒவ்வொரு படமும் முந்தையதோடு மூன்றில் இரண்டு பங்கு ஒன்றிப்போக வேண்டும். பின்பக்கத்தை விட்டுவிடக் கூடாது. பக்கத்தில் ஓர் அளவுகோல் கட்டாயம். பெங்களூருவில் மிதிக் சொசைட்டி என்ற ஆய்வு அமைப்பு கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றி வருகிறது. அதே வேலை எல்லைக்கு இந்தப் பக்கமும் தொடர்ந்தால் இரு பக்கக் கற்களையும் ஒன்றாகப் பார்க்கலாம்.

மைப்படி, அதாவது கல்லெழுத்தை மையால் தாளில் ஒற்றி எடுக்கும் நகல், எடுப்பதைப் பழகியவர்களிடமே விட வேண்டும். கல்லைத் தண்ணீராலும் தென்னை நார்த் தூரிகையாலும் கழுவி, நனைத்த தாளை மேலிருந்து விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூரிகையால் தட்டித் தட்டிக் காற்றை வெளியேற்றி, தாள் எழுத்துக் குழிக்குள் இறங்கிய பின், பாதி காய்ந்த பதத்தில் துணிப் பந்தால் மை ஒற்ற வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் ஒற்றினால் மை தாளைத் தாண்டிக் கல்லில் ஊறும்; அந்தக் கறை பிறகு போகாது. முழுக்கக் காய்ந்த பின் ஒற்றினால் தாள் பெயர்ந்து எழுத்து இரட்டிக்கும். பொருக்கு விட்ட கல்லில் தாளைத் தட்டவே கூடாது. தாளோடு கல்லின் தோலும் வந்துவிடும். எல்லை வட்டத்துக் கல் என்றால் இரண்டு படி எடுத்து ஒன்றைப் பக்கத்து மாநிலத் துறைக்கு அனுப்பும் வழக்கம் வர வேண்டும். மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதைத் தமிழர்கள் வரவேற்றோம். நாங்களும் வரவேற்றோம். ஆனால் எல்லைக் கற்களின் படிகள் இரண்டு ஊரிலும் இருப்பதே பொருத்தம்.

கேடுகளில் பெரும்பாலானவை அன்பினால் வருகின்றன என்பதுதான் வேதனை. வேடியப்பனுக்குக் கோயில் கட்டுகிறார்கள். கல்லைச் சுற்றி சிமெண்ட் பீடம், பின்னால் டைல்ஸ் ஒட்டிய சுவர், கல்லின் மேல் எனாமல் பெயிண்ட். டைல்ஸ் சுவரால் பின்பக்க எழுத்து மறைந்தே போகும். சிமெண்ட் பீடம் தரை ஈரத்தையும் அதிலுள்ள உப்பையும் கல்லின் அடிப்பக்கத்துக்கு ஏற்றும். ஈரம் காயும்போது உப்பு படிகமாகி விரிந்து, கல்லின் மேற்பரப்பைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளும். கருங்கல் தாங்கும் என்று நினைப்பது தவறு. படலம் படலமாக உரியும் கல்லில் செதுக்கியவையும் இங்கே உண்டு. எனாமல் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். சில ஆண்டுகளில் உரியும்போது கல்லையும் பிடித்துக்கொண்டு உரியும். ஏற்கெனவே அடித்துவிட்டார்கள் என்றால் கத்தியால் சுரண்டவோ ஆசிட் ஊற்றவோ கூடாது. இரும்புத் தூரிகை தொடவே கூடாது. அப்படியே விட்டு, வேதியியல் பாதுகாப்புப் பயிற்சி உள்ளவர் வரும்வரை காத்திருப்பதே மேல். பூசாரியிடம் கேட்க வேண்டியவை இரண்டுதான். விளக்கைக் கல்லிலிருந்து இரண்டடி முன்னால் தள்ளி வையுங்கள். எண்ணெய்க் காப்பை எழுத்துப் பகுதிக்கு விட்டுவிட்டுப் பாதத்துக்கு மட்டும் செய்யுங்கள். வழிபாட்டை நிறுத்தச் சொல்வது பெரும் பிழை. ஆண்டுக்கு ஒரு நாள் பொங்கல் வைக்கும் கல்லை யாரும் அத்தனை எளிதாகப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. யாரும் கும்பிடாத கல்தான் மதகுக்குப் பலகையாகவும் துணி துவைக்கவும் போகிறது.

கல்லை நகர்த்துவது கடைசி வழி. நின்ற இடம் போனால் நடுகல்லின் பாதிப் பொருள் போய்விடும் என்பதை மேலே சொன்ன எல்லைக் கணக்கே காட்டும். சாலையோ கல் குவாரியோ வருவது உறுதி, வேறு வழியே இல்லை என்றால், நகர்த்தும் முன் இருப்பிடம், திசை, முப்பரிமாணப் படம் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். எடையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: ஒன்றரை மீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் தடிமன் உள்ள கருங்கல் பலகை சுமார் 600 கிலோ. ஜேசிபி வாளியில் சங்கிலி கட்டித் தூக்கினால் விளிம்பு நொறுங்கும். பெரும்பாலும் எழுத்து ஓடுவது அந்த விளிம்பில்தான். அகலமான நைலான் பட்டை இரண்டு, ஒன்று கல்லின் மேல் மூன்றில் ஒரு பங்கில், ஒன்று கீழ் மூன்றில் ஒரு பங்கில். பட்டைக்கும் கல்லுக்கும் நடுவே சாக்கும் பழைய டியூபும். வண்டியில் வைக்கோல் மெத்தைமேல் செதுக்கிய முகம் மேலே பார்க்கும்படி. புது இடத்தில் நடும்போது அதே திசை, அதே அளவு மண்ணுக்குள், ஜல்லியும் மண்ணும் இறுக்கி. சிமெண்ட் வேண்டாம். பிடிமானம் போதாவிட்டால் நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. தண்ணீர் தேங்காத மேடாக இருக்க வேண்டும். புது இடத்தைப் பதிவேட்டில் எழுதும்போது பழைய இடத்தை அடித்துவிடக் கூடாது; இரண்டும் இருக்க வேண்டும்.

புதையல் தேடுவோர் கதை தனி. நடுகல்லின் அடியில் பொன் இருக்கிறது என்ற நம்பிக்கையில் இரவில் தோண்டுகிறார்கள். எல்லை வட்டங்கள் அவர்களுக்கு வசதி. ஒரு மாநிலத்தில் தோண்டி விடிவதற்குள் இன்னொரு மாநிலத்துக்குப் போய்விடலாம். சண்டையில் இறந்தவனின் நினைவாக வெட்டவெளியில் நட்ட கல் அது, கருவூலம் இல்லை என்பதை ஊர்ப் பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டும். புதிதாகத் தோண்டிய குழியைக் கண்டால் மண்ணைத் தள்ளி மூடாமல், படம் எடுத்து, இரு பக்கக் காவல் நிலையத்துக்கும் தகவல் தர வேண்டும்.

காட்டுக்குள் இருப்பவை இன்னொரு வகை. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம், அதை ஒட்டிய கர்நாடகக் காவிரிச் சரணாலயம், ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயம் என யானை நடமாடும் காடுகள் இவை. அனுமதியின்றிப் போவது சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து. வனக் காவலர்கள் தினமும் ரோந்து போகும் வழியிலேயே பல கற்கள் நிற்கக்கூடும். அவர்களுக்கு அந்த ஒரு பக்கப் படிவத்தைக் கொடுத்தாலே பாதி வேலை முடியும்.

மொழிச் சண்டை பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் கன்னட எழுத்துள்ள கல் கிடைத்தால் யாரும் அதிகம் கண்டுகொள்வதில்லை. அந்தப் பக்கத்தில் தமிழ்க் கல்லுக்கும் அதே கதி. தம் மொழிக்கு உரிமை கோரக் கல்லைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். அதற்குப் பயந்தே அலுவலர்கள் அத்தகைய கல்லைப் பற்றி வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். ஓசூரில் நிற்கும் கன்னடக் கல்லைத் தமிழ்நாடும், கோலாரில் நிற்கும் தமிழ்க் கல்லைக் கர்நாடகமும் தம் சொந்தச் சொத்தாக எண்ணிக் காக்க வேண்டும். அதை முதலில் செய்து காட்டும் மாநிலம் தமிழ்நாடாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

கடைசியாக உங்கள் நாளிதழுக்கே சில வேண்டுகோள்கள். நடுகல் செய்தி வெளியிடும்போது ஊர், வட்டம் வரை போடுங்கள். புல எண்ணையோ வரைபடப் புள்ளியையோ அச்சிட வேண்டாம். அது ஆட்சியர் அலுவலகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று செய்தி தருபவரிடம் கேட்டு, சேர்ந்த பிறகே வெளியிடுங்கள். மாவு பூசிய படத்தையும், கல்லின் மேல் கால் வைத்தோ சாய்ந்தோ நிற்கும் படத்தையும் ஏற்க மறுங்கள். பக்க ஒளியில், அளவுகோலோடு எடுத்த படத்தைக் கேளுங்கள். நூற்றாண்டு சொன்னால் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று ஒரு வரி சேருங்கள்: எழுத்தா, அரசர் பெயரா, சிற்ப அமைப்பா. ஓராண்டு கழித்து உங்கள் பகுதிநேரச் செய்தியாளர் அந்த ஊர் வழியே போகும்போது கல் இருக்கிறதா என்று பார்த்து இரண்டு வரி எழுதினால், அந்த ஊராட்சியும் துறையும் விழித்திருக்கும். உங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பதிப்புகளிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
நடுகல் பதிவுப் பணியில் உள்ள வாசகர்கள்,
ஓசூர்.